அடுத்த மடம் எத்தனை மைலில்?

2022 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. லண்டன் ஹரோவிலிருந்து வேல்ஸில் உள்ள ஸ்கந்தவேல் முருகன் கோயிலுக்கு வெளிக்கிட்டோம். காரில் நான், அம்மா, அம்மம்மா, சித்தியின் மகன். இந்தப் பயணம் உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். இலங்கையிலிருந்து வந்த ஒரு குரு 1973இல் தொடங்கிய இடம் அது. லண்டன் தமிழர்கள் பஸ் பிடித்தும் கார் ஓட்டியும் போய்வருகிறார்கள். எம்4 மோட்டார்வே முடியும் வரை மேற்கே ஓடி, கார்மார்தன் தாண்டி, வேலிகளுக்கு நடுவே நெளியும் ஒடுங்கிய பாதைகளுக்குள் இறங்கவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 215 மைல்.

என்னுடையது பழையதாக வாங்கிய மின்சாரக் கார். 60 கிலோவாட்-மணி பற்றரி. ஒருமுறை நிரப்பினால் 210 மைல் ஓடும் என்று விற்றவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, நல்ல வெயில் நாளில் ஓடும். அன்றைக்கு மழை, எதிர்க்காற்று, ஹீற்றர், நான்கு பேர், 70 மைல் வேகம். செவேர்ன் ஆற்றைக் கடந்து வேல்ஸுக்குள் நுழைந்து சிறிது நேரத்தில் பற்றரி 22 வீதத்துக்கு இறங்கிவிட்டது. 140 மைல் வந்திருந்தோம். இன்னும் 75 மைல் போகவேண்டும். கையில் இருந்தது 40 மைல்.

வழியில் வந்த ஒரு சேவை நிலையத்துக்குள் திருப்பினேன். இரண்டு வேகச் சார்ஜர்கள் நின்றன. ஒன்றின் திரை கறுத்துப்போய்க் கிடந்தது. மற்றதில் ஒரு கார் ஏறிக்கொண்டிருக்க, பின்னால் மூன்று கார்கள் வரிசையில். எங்கள் முறை வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹீற்றரைப் போட்டால் மிச்சப் பற்றரியும் இறங்கும் என்ற பயத்தில் அதை நிறுத்திவிட்டேன். அம்மம்மாவுக்கு அப்போது 81 வயது, சீனி வருத்தமும் இருந்தது. அம்மா தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தி, கட்டுச்சோற்றைக் காருக்குள் வைத்தே கொடுத்தார்.

அம்மம்மா சோற்றை மென்றபடி என்னைக் கேட்டார்: "என்ன தம்பி, எண்ணெய் அடிக்க இவ்வளவு நேரமே?"

"எண்ணெய் இல்லை அம்மம்மா, கரண்ட்."

"கரண்டோ? அப்ப அடுத்த மடம் எத்தினை மைலிலை எண்டு பாக்காமலே வெளிக்கிட்டனீ?"

சித்தியின் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பொறியியலில் முதுமாணி. பற்றரி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மணித்தியாலம் பேசுவேன். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு முன்பே தோன்றியிருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மாடு களைக்கும் தூரம்

முதலில், மடம் என்றால் என்ன? யாழ்ப்பாணத்தில் கந்தர்மடம், ஓட்டுமடம் என்ற ஊர்ப்பெயர்களை வீட்டில் கேட்டிருப்பீர்கள். சாமியார்கள் இருக்கும் மடம் வேறு. இது வழிப்போக்கர் தங்கும் தெருவோரக் கட்டடம். கூரை, திண்ணை, தூண்கள். யாரும் வந்து இருக்கலாம், படுக்கலாம். காசு இல்லை. பருத்தித்துறையில் தும்பளைக்குப் போகும் தெருவில் இருக்கும் தெருமூடி மடம் இன்னும் விசேஷமானது. தெருவே கட்டடத்துக்குள்ளால் போகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த கல் திண்ணைகள், நடுவில் வண்டிப் பாதை, மேலே கூரை. அடுத்தமுறை ஊருக்குப் போனால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

மடம் பெரும்பாலும் தனியாக நிற்காது. பக்கத்தில் ஒரு கிணறோ கேணியோ இருக்கும்: மனிதருக்கும் மாட்டுக்கும் தண்ணீர். ஆவுரஞ்சிக் கல் இருக்கும்: மாடு தன் முதுகை உரசித் தினவு தீர்க்க நட்ட கல். சுமைதாங்கி இருக்கும்: இரண்டு நிறுத்திய கற்களின் மேல் ஒரு குறுக்குக் கல். தலையில் சுமையோடு நடந்து வருபவர் இன்னொருவரின் உதவி இல்லாமல் சுமையை அதில் இறக்கிவைத்து, களை ஆறி, மறுபடி தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அந்த உயரம். கொஞ்சம் பதிந்தால் குனிய வேண்டும், கொஞ்சம் உயர்ந்தால் எட்டாது. நானும் ஒரு பொறியியலாளன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிக நல்ல வடிவமைப்பு.

சுமைதாங்கிகள் பலவற்றுக்கு ஒரு துயரக் கதை உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பம் கட்டுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காமலே போன சுமைக்காக, மற்றவர்கள் சுமை இறக்க ஓர் இடம். தமிழ்நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே அரசர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் போனவர். மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் இருக்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. இவற்றை எங்கே கட்டினார்கள்? மாடும் மனிதரும் களைக்கும் இடத்தில். ஊர் பெரிதா சிறிதா, ஆட்கள் கூடும் இடமா என்பது இரண்டாவது கேள்வி. இங்கிலாந்திலும் அப்படித்தான். குதிரைக் கோச்சுகள் ஓடிய காலத்தில் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரைகளை மாற்றினார்கள். அந்த ஒவ்வொரு துண்டுக்கும் 'ஸ்டேஜ்' என்று பெயர். 'ஸ்டேஜ் கோச்' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. லண்டன் பிரிட்ஜ் பக்கம் போனால் சதக்கில் ஜோர்ஜ் இன் என்ற பழைய கோச்சு விடுதி மாடங்களோடு நிற்பதைப் பார்க்கலாம்.

லண்டனை விட்டு வெளியே போக முடியாத டாக்சி

மின்சாரக் கார் புதிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? 1897 ஓகஸ்ட் மாதம் லண்டன் தெருக்களில் மின்சார டாக்சிகள் ஓடத் தொடங்கிவிட்டன. வோல்டர் பேர்சி என்ற இளம் பொறியியலாளர் வடிவமைத்தவை. கறுப்பும் மஞ்சளுமாக, மெல்லிய ரீங்காரத்தோடு போனதால் மக்கள் அவற்றுக்கு 'ஹம்மிங்பேர்ட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவற்றில் ஒன்று சவுத் கென்சிங்டன் சயன்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு சின்னச் செய்தியும் சொல்லவேண்டும்: இங்கிலாந்தில் குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓட்டியதற்காக முதன்முதல் தண்டனை பெற்றவர் இந்த டாக்சி ஒன்றின் சாரதிதான். 1897 செப்டெம்பர் 10 அன்று நியூ பொன்ட் தெருவில் ஒரு கட்டடத்தில் மோதினார். அபராதமும் கட்டினார்.

அந்த டாக்சி ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 30 மைல் ஓடும். தீர்ந்ததும் லம்பெத்தில் இருந்த டிப்போவுக்குத் திரும்பவேண்டும். அங்கே ஹைட்ரோலிக் லிஃப்ட் வைத்து, தீர்ந்த பற்றரியை இறக்கிச் சில நிமிடங்களில் புதியதை ஏற்றினார்கள். 125 வருடங்களுக்கு முன்பே பற்றரி மாற்றும் நிலையம்! ஆனால் அப்படி ஒரு டிப்போதான் இருந்தது. எந்தத் திசையில் போனாலும் திரும்பி வரவேண்டும் என்பதால், 30 மைல் பற்றரி உண்மையில் 15 மைல் பற்றரி. டயர்கள் தேய்ந்தன, அதிர்வில் பற்றரித் தகடுகள் கெட்டன, செலவு ஏறியது. 1899இல் கொம்பனி படுத்துவிட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குதிரை டாக்சிகள் லண்டனில் தொடர்ந்து ஓடின. குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் எந்தத் தெருவிலும் கிடைத்தன.

பெற்றோல் கார் வென்றதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1888இல் ஜெர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டினார். நூறு கிலோமீற்றருக்கு மேல். உலகின் முதல் நெடும்பயணம் என்று அதைச் சொல்வார்கள். வழியில் எரிபொருள் முடியப்போகவே, வீஸ்லொக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் கறை போக்க விற்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக்கடைதான் உலகின் முதல் பெற்றோல் நிலையம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பெற்றோலைத் தகரத்தில் அடைத்து எங்கும் கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் முதல் இருபது வருடங்கள் அப்படித்தான் நடந்தது. இரும்புக்கடை, விடுதி, சைக்கிள் கடை எல்லாவற்றிலும் இரண்டு கலன் தகரங்களில் பெற்றோல் விற்றார்கள். பம்ப் வைத்த முதல் தெருவோர நிலையத்தை ஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் பேர்க்ஷயரில் உள்ள ஆல்டர்மாஸ்டனில் திறந்தது முதலாம் உலகப்போர் முடிந்த பிறகுதான், 1919இன் கடைசியில். மின்சாரத்தைத் தகரத்தில் அடைக்க முடியாது. அதற்கு வயர் வரவேண்டும். அந்த வித்தியாசம் இன்னும் தீரவில்லை.

மாமாவின் கணக்கு

இந்தக் கதை இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலர் இதைவிடக் கடினமான பரீட்சையில் தேறியவர்கள்.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் உட்படப் பல பொருட்களுக்குத் தடை வந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் ஏ9 வீதி மூடப்பட்டது. தெற்கே போகவேண்டியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். 2002இல் வீதி திறந்தது, 2006இல் மறுபடி மூடப்பட்டது. வானொலி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக வைத்து மிதித்து டைனமோவில் மின்சாரம் எடுத்த கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டால் இன்றைக்கே கேளுங்கள்.

என் மாமா அப்போது இருபதுகளில் இருந்தார். மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் தொடங்காது. அதற்காகச் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை பின்னால் வரும். எஞ்சினும் கெட்டுப்போகும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் போய்ச் சேர்ந்தார்.

ஸ்கந்தவேல் பயணத்துக்குப் பிறகு மாமாவிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாங்கள் டாங்கியிலை எவ்வளவு கிடக்கெண்டு பாக்கிறேல்லை. போற இடத்திலை கிடைக்குமோ, கிடைக்காட்டி அதுக்கங்காலை ஆரிட்டைக் கேக்கலாம் எண்டுதான் பாப்பம்."

'அதுக்கங்காலை'. அதற்கு அப்பால். இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

மோட்டார்வேயில் வந்த மடங்கள்

1959 நவம்பர் 2 அன்று எம்1 மோட்டார்வே திறந்தது. அதே நாளில் வட்ஃபர்ட் கெப் சேவை நிலையமும் வேலை தொடங்கியது. மோட்டார்வே சேவை நிலையங்களை நாம் விலை கூடிய சாண்ட்விச் விற்கும் இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவற்றின் விதிகள் மடத்தின் விதிகளைப் போன்றவை. நாள் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். இரண்டு மணித்தியாலம் வரை காரை இலவசமாக நிறுத்த விடவேண்டும். கழிப்பறை இலவசம். எதையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அதிகம் போனால் 28 மைல், அல்லது அரை மணித்தியால ஓட்டம் இருக்கவேண்டும் என்று போக்குவரத்துத் திணைக்களத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி சொன்னது. காரணம் களைப்பு. சாரதி தூங்கிவிழக் கூடாது. (அன்றைக்கு நாங்கள் வரிசையில் நின்ற நேரமே அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியது வேறு கதை.)

2011இல் நிஸான் லீஃப் இங்கே விற்பனைக்கு வந்தபோது, வீட்டில் சார்ஜ் செய்து ஊருக்குள் ஓட்டலாம், தூரம் போக முடியாது என்ற நிலைதான். அந்த ஜூலையில் எக்கோட்ரிசிட்டி என்ற மின்சாரக் கொம்பனி 'எலெக்ட்ரிக் ஹைவே' என்ற பெயரில் மோட்டார்வே சேவை நிலையங்களில் சார்ஜர்கள் வைக்கத் தொடங்கியது. முதலாவது, லண்டனின் வடக்கு வாசல் போல எம்25 ஓரத்தில் இருக்கும் சவுத் மிம்ஸில். 2016 வரை காசு வாங்கவில்லை. வாகனங்கள் வருவதற்கு முன்பே கட்டிய மடம் என்று சொல்லலாம்.

ஆனால் காலம் போகப் போகக் கார்கள் பெருகின, சார்ஜர்கள் பழசாகின. பல சேவை நிலையங்களோடு அந்த வலையமைப்பு தனியுரிமை ஒப்பந்தங்கள் செய்திருந்ததால் வேறு கொம்பனிகள் உள்ளே வர முடியவில்லை. 2021இல் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை இதை விசாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு வலையமைப்பு கிரிட்சேர்வ் கொம்பனியின் கைக்கு மாறியது. பழைய சார்ஜர்களை மாற்றத் தொடங்கினார்கள். 2022இல் தனியுரிமையைக் குறைக்க உறுதிமொழியும் கிடைத்தது. 2024 நவம்பரிலிருந்து சட்டமும் வலுவானது: வேகச் சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தட்டிக் காசு கட்ட வசதி வேண்டும், ஒரு கொம்பனியின் வேகச் சார்ஜர்கள் சராசரியாக 99 வீத நேரம் வேலை செய்யவேண்டும். நாங்கள் நின்ற நிலையத்திலும் இப்போது நிலைமை எவ்வளவோ மேல்.

எண்ணுவதா, அளப்பதா?

சரி, புதிய வேகச் சார்ஜர்கள் எங்கே தேவை?

2020இல் அரசாங்கம் ஓர் இலக்கு வைத்தது: 2023 முடிவதற்குள் இங்கிலாந்தின் ஒவ்வொரு மோட்டார்வே சேவை நிலையத்திலும் குறைந்தது ஆறு அதிவேகச் சார்ஜர்கள். ஆண்டு முடிந்தபோது ஆர்ஏசி எண்ணிப் பார்த்தது. 119 நிலையங்களில் 46 மட்டும் தேறின. ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அதிவேகச் சார்ஜர் குறைந்தது 150 கிலோவாட். ஆறு ஒன்றாக ஓடினால் 900 கிலோவாட். உங்கள் வீட்டில் கேத்தலும் அடுப்பும் ஒன்றாக ஓடும்போது எடுப்பது ஐந்தாறு கிலோவாட்தான். வயலுக்கு நடுவே நிற்கும் சேவை நிலையத்துக்கு ஒரு சின்ன ஊருக்குரிய மின்சாரம் வேண்டும் என்றால் புதிய கேபிள், புதிய துணைமின் நிலையம், வருடக்கணக்கில் காத்திருப்பு. மின்சாரத்தைத் தகரத்தில் அடைக்க முடியாது என்று சொன்னேனே, இதுதான்.

இலக்கு தவறியதைவிட எனக்கு உறுத்துவது, இலக்கு வைத்த விதம். ஏற்கெனவே இருக்கும் நிலையங்களை எண்ணி வைத்த இலக்கு அது. மோட்டார்வே முடிந்த பிறகு வரும் தூரம் அதில் இல்லை. எம்4, போண்ட் ஏப்ரகாம் என்ற இடத்தில் முடிகிறது. எங்கள் கோயில் அதற்கு அப்பால். எம்5, எக்ஸிட்டரில் முடிகிறது. அங்கிருந்து கோர்ன்வோலின் பென்ஸான்ஸ் வரை இன்னும் நூறு மைலுக்கு மேல். நம் ஆட்கள் விடுமுறைக்குப் போவது பெரும்பாலும் இப்படியான முடிவுகளுக்கு அப்பால்தான்.

வேறு விதமாக யோசித்தவர்களும் இருக்கிறார்கள். 2021இல் வேல்ஸ் அரசு தன் முக்கிய நெடுஞ்சாலைகளில் 20 மைலுக்கு ஒரு வேகச் சார்ஜர் என்று 2025க்கு இலக்கு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீற்றருக்கு ஒருமுறை வேகச் சார்ஜ் இடம் வேண்டும் என்கிறது. ஸ்கொட்லாந்திலும் ஓர் ஏ9 உண்டு, அந்த நாட்டின் மிக நீளமான வீதி. மலைகளுக்கு நடுவே இன்வெர்னெஸ் தாண்டி வடகரை வரை போகிறது. 2017இல் ஸ்கொட்லாந்து அரசு அந்த வீதி நெடுக சார்ஜர்கள் வைக்கும் 'எலெக்ட்ரிக் ஏ9' திட்டத்தை அறிவித்தது. அந்தப் பெயரை முதன்முதல் படித்தபோது நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் ஏ9 என்றால் மூடிய வீதி. இங்கே அதே பெயரில் ஒரு வீதியில், யாரும் நடுவழியில் நிற்கக் கூடாது என்று திட்டம் போடுகிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2024 டிசம்பரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டின் பொதுச் சார்ஜர்களில் 44 வீதம் லண்டனிலும் தென்கிழக்கிலும் இருக்கின்றன. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் 15 வீதம். கூட்டிச் சொன்னால் பெரிய எண் வரும். ஆனால் ஹரோவில் நூறு சார்ஜர் இருந்தாலும் கார்மார்தனில் நிற்கும் அம்மம்மாவுக்கு அதனால் பயனில்லை.

ஒரு நெடும்பயணப் பாதையில் சார்ஜர் எங்கே தேவை என்று முடிவெடுக்க நான் இப்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, மாமாவின் 'அதுக்கங்காலை'. ஒரு நிலையம் பழுதாகவோ வரிசையாகவோ இருந்தால் அதற்கு அடுத்ததுக்குப் போய்ச்சேர முடியுமா? 30 மைலுக்கு ஒரு நிலையம் இருந்தால், ஒன்று பழுதானதும் இடைவெளி 60 மைல். அந்த இரட்டை இடைவெளி, மழை நாளில் பழைய கார் ஒன்று 20 வீதத்தில் ஓடும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் கட்டாயம் இன்னொன்று வேண்டும். பணக்காரரின் புதிய கார் 300 மைல் ஓடும். இடைவெளியில் மாட்டுப்படுவது எப்போதும் பழைய கார் வாங்கியவர்தான்.

இரண்டாவது, நெரிசல் நாள். கோயில் திருவிழா, ஈஸ்டர், ஓகஸ்ட் வங்கி விடுமுறை. வருடத்தில் இருபது முப்பது நாள் நிரம்பி, மற்ற நாட்களில் வெறுமையாக நிற்கும் சார்ஜரில் கொம்பனிக்கு லாபம் வராது. அதனால் அங்கே தானாக வைக்க மாட்டார்கள். லாபம் வராத இடத்தில் கட்டுவதைத்தான் நம் ஆட்கள் தர்மம் என்றார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் அரசாங்க முதலீடு. கடமை மாறவில்லை.

மூன்றாவது, சுமைதாங்கியின் உயரம். வேகச் சார்ஜரின் கேபிள் பாரமானது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் திரை எட்டுமா? கேபிளை இழுக்க முடியுமா? நடுவில் கல் விளிம்பு தடுக்குமா? 2022இல் பிரித்தானியத் தர நிர்ணய நிறுவனம் இதற்கென்றே பாஸ் 1899 என்ற தரத்தை வெளியிட்டது. அது கட்டாயச் சட்டம் இல்லை. இன்னொருவரின் உதவி இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற முடியவேண்டும் என்று யோசித்துக் கல் நட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவைப்பட்டிருக்காது.

இன்னும் சில வருடங்களில் நீங்கள் ஓட்டப்போவது பெரும்பாலும் மின்சாரக் காராகத்தான் இருக்கும். உங்களில் சிலர் இந்தக் கேபிள்களை இழுக்கும் பொறியியலாளராகவும், எங்கே இழுப்பது என்று முடிவெடுக்கும் அலுவலராகவும் வரலாம். அப்போது யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டி "இத்தனை ஆயிரம் வைத்துவிட்டோம்" என்று சொன்னால், புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடத்தில் விரலை வைத்து, "இங்கே நின்றுபோனால் என்ன செய்வது?" என்று கேளுங்கள்.

சென்ற மாதமும் ஸ்கந்தவேலுக்குப் போய்வந்தோம். இப்போது சித்தியின் மகன்தான் ஓட்டுகிறான். வெளிக்கிட முன்பு ஒரு துண்டுக் கடதாசியில் நிறுத்தங்களை எழுதினான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் அதற்கு அங்கால் இருப்பதன் பெயரும். முன் சீற்றில் ஏறியதும் அம்மம்மா பெல்ட்டைப் போட முன்பே கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரி, எடு" என்றார்.